எச்.ஐ.வி. தடுப்பு ஆய்வையே தொழிலாக எடுத்துக்கொள்ளலாமா?

கேள்வி: எனக்கு 25 வயது. பொதுச் சுகாதாரத்தில் முதுகலை முடித்துவிட்டு, எச்.ஐ.வி. தடுப்பு பற்றிய ஓர் ஆய்வுத் திட்டத்தில் கள ஆய்வாளராக இருக்கிறேன். பங்கேற்பாளர்களைச் சந்தித்து நேர்காணல் எடுப்பதுதான் வேலை. இதிலேயே முனைவர் பட்டம் செய்து ஆய்வாளராக வர ஆசை. ஆனால் நான் டாக்டருக்குப் படிக்கவில்லை. வீட்டில், "நீ என்ன வேலை பார்க்கிறாய் என்று வெளியே எப்படிச் சொல்வது?" என்று சங்கடப்படுகிறார்கள். உடன் படித்தவர்களோ, "ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி வந்தாச்சு, ஆய்வுக்குப் பணமும் நின்னு போச்சு, இனிமேல் அதில் என்ன இருக்கு?" என்கிறார்கள். இன்னொன்றும் உண்டு. சில நாள் வீட்டுக்கு வந்த பிறகும், நேர்காணலில் கேட்டது மனதை விட்டுப் போவதில்லை. இந்தத் துறை எனக்குச் சரிவருமா, மேடம்?

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் நண்பர்கள் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். என்னிடமும் பலர் இதையே கேட்கிறார்கள். அந்த ஊசி சாதாரண விஷயம் இல்லை. அதன் பெயர் லெனகாபவிர். தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் 16 முதல் 25 வயது வரையுள்ள பெண்களிடம் நடந்த சோதனையின் முடிவு 2024-ல் வெளியானது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊசி போட்டுக்கொண்ட 2,134 பேரில் ஒருவருக்குக்கூட எச்.ஐ.வி. தொற்று வரவில்லை. மியூனிக் மாநாட்டில் அதை அறிவித்தபோது அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது. 2025 ஜூனில் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது, ஜூலையில் உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்துவிட்டது.

இப்போது அதே சோதனையின் மறுபக்கத்தைப் பாருங்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஏறத்தாழ 3,200 பெண்களுக்குத் தினமும் சாப்பிடும் மாத்திரை கொடுத்திருந்தார்கள். அவர்களில் 55 பேருக்குத் தொற்று வந்துவிட்டது. ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்தபோது, பெரும்பாலோர் மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிடவில்லை என்று தெரிந்தது.

ஏன் சாப்பிடவில்லை? மாத்திரை கைக்குக் கிடைக்கிறது, பரிசோதனை நடக்கிறது, விளக்கிச் சொல்ல ஆள் இருக்கிறது. அப்படியும் மாத்திரை பெட்டியிலேயே கிடக்கிறது. நீங்கள் சேர ஆசைப்படும் துறை இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் இருக்கிறது. ஊசி வந்ததால் கேள்வியின் வடிவம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். முதல் ஊசிக்கு யார் வருகிறார்கள், யார் அந்தப் பக்கமே வருவதில்லை, ஆறு மாதம் கழித்து வர வேண்டியவர் ஏன் வரவில்லை என்பதையெல்லாம் யாராவது போய்த் தெரிந்துகொண்டு வர வேண்டும். தடுப்பு மாத்திரைக்கு அமெரிக்காவில் 2012-லேயே ஒப்புதல் கிடைத்துவிட்டது. 2024-ஆம் ஆண்டில் உலகம் முழுக்கப் புதிதாகத் தொற்று வந்தவர்கள் ஏறத்தாழ 13 லட்சம் பேர். இந்த இரண்டு தகவலையும் அடுத்தடுத்து வைத்து உங்கள் நண்பர்களிடம் காட்டுங்கள்.

இந்தத் துறைக்குள் வரும் ஒவ்வொருவரும் படித்தாக வேண்டிய ஆய்வு என்று நான் நினைப்பது ஒன்று உண்டு. 'வாய்ஸ்' என்று பெயர். 2009-ல் தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே நாடுகளில் தொடங்கி, 5,029 பெண்களைச் சேர்த்துச் செய்தார்கள். சிலருக்குத் தினமும் ஒரு மாத்திரை, சிலருக்குப் பெண்ணுறுப்பில் வைக்கும் ஜெல், ஒப்பிடுவதற்காகச் சிலருக்கு மருந்து இல்லாத மாத்திரையும் ஜெல்லும். கேட்டபோதெல்லாம் ஒழுங்காக எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். அவர்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் 90 சதவீதம் மருந்து உள்ளே போயிருக்க வேண்டும். திருப்பிக் கொண்டுவந்த மிச்ச மாத்திரைகளை எண்ணிப் பார்த்தாலும் கணக்கு கிட்டத்தட்ட ஒத்துப்போனது. 2013-ல் முடிவு வந்தபோது, கொடுத்துப் பார்த்த மருந்துகளில் ஒன்றுகூடத் தொற்றைத் தடுத்திருக்கவில்லை. பிறகு சேமித்து வைத்திருந்த ரத்த மாதிரிகளைச் சோதித்தார்கள். மாத்திரை கொடுக்கப்பட்டவர்களின் மாதிரிகளில் சுமார் 30 சதவீதத்தில்தான் மருந்து இருந்தது. ஜெல்லுக்கு அதைவிடக் குறைவு.

'பெண்கள் பொய் சொல்லிவிட்டார்கள்' என்று இதற்கு அர்த்தம் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அந்த அர்த்தத்தில் உடன்பாடே கிடையாது. அதே குழு பின்னால் செய்த வேலையைப் பார்த்தால் உங்களுக்கும் இருக்காது. பங்கேற்ற பெண்களில் சிலரை மறுபடி அழைத்து, அவரவர் ரத்தப் பரிசோதனை முடிவை அவரவர் கையில் கொடுத்து, குற்றம் சொல்லாமல் பேசவிட்டார்கள். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. எச்.ஐ.வி. உள்ளவர்கள் சாப்பிடும் மருந்தும் இதுவும் ஒன்று என்பதால், வீட்டில் யாராவது பார்த்தால் தனக்கு நோய் இருப்பதாக நினைப்பார்களே என்ற பயம். பக்கவிளைவு பற்றிக் காத்திருப்பு அறையில் பரவிய பேச்சு. துணைவர் என்ன சொல்வாரோ என்ற கவலை. நல்லாத்தானே இருக்கிறோம், எதற்கு மருந்து என்ற எண்ணம். இதில் எது பொய்? உண்மையைச் சொன்னால் தனக்கு நஷ்டம் வருமோ என்று ஒருவர் பயப்படும்படி ஆய்வு அமைந்திருந்தால், அவர் சொல்லாமல் விட்டதற்கு ஆய்வு நடத்தியவர்கள்தான் பொறுப்பு.

இதற்குப் பக்கத்தில் இன்னொரு ஆய்வை வையுங்கள். கென்யாவிலும் உகாண்டாவிலும், ஒருவருக்குத் தொற்று இருந்து மற்றவருக்கு இல்லாத தம்பதிகளிடம் நடந்தது. வாய்ஸ் ஆய்வில் கொடுத்த அதே மாத்திரைதான். 2011-ல் வந்த முடிவு: தொற்று 75 சதவீதம் குறைந்தது. இங்கே மாத்திரை எதற்கு என்று கணவன், மனைவி இருவருக்கும் தெரியும். ஒளித்து வைக்க வேண்டியதில்லை. ஒருவருக்கொருவர் நினைவூட்டலாம். மருந்தின் வேதியியலில் மாற்றமே இல்லை. அதைச் சாப்பிடுகிறவரின் வீடுதான் வேறு.

அப்புறம் பத்து ஆண்டு கழித்தும் இதே கதை. பால்வினை நோய்களைத் தடுக்க, உறவுக்குப் பிறகு டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையைச் சாப்பிடும் முறை அமெரிக்காவில் ஆண்களிடமும் திருநங்கைகளிடமும் நன்றாக வேலை செய்தது. கென்யாவில் இளம்பெண்களிடம் செய்தபோது பலன் தெரியவில்லை. சாப்பிட்டதாகத்தான் பெரும்பாலோர் சொல்லியிருந்தார்கள். தலைமுடியைச் சோதித்துப் பார்த்தால், எடுத்த மாதிரிகளில் 29 சதவீதத்தில்தான் மருந்தின் தடம் இருந்தது. 2023-ல் வெளியான ஆய்வு இது. ஆக, உங்கள் தலைமுறைக்கு வேலை மிச்சம் இருக்கிறதா என்று இனியும் கேட்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தில், 'நேர்காணல் எடுப்பதுதான் வேலை' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதைச் சின்ன வேலை என்று நினைக்கிறீர்களோ என்று எனக்குச் சந்தேகம். இந்தத் துறையில் மற்ற எல்லாக் கணக்கும் அந்த அறையில் கிடைக்கும் பதிலின் மேல்தான் நிற்கிறது.

புதிதாகச் சேருபவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது, நான் அவர்கள் கையைத்தான் முதலில் கவனிப்பேன். வயதான ஒரு பெண்மணி எதிரே உட்கார்ந்திருப்பார். "கடந்த மூன்று மாதத்தில் கணவர் தவிர வேறு யாருடனாவது உறவு இருந்ததா?" என்று கேட்பார்கள். கேள்வி வாயில் இருக்கும்போதே பேனா 'இல்லை' என்ற கட்டத்துக்கு மேலே போய் நின்றுவிடும். எதிரில் இருப்பவர் அந்தப் பேனாவைப் பார்த்துவிடுவார். என்ன பதில் எதிர்பார்க்கப்படுகிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, அதையே சொல்லிவிட்டுப் போவார். குரலில் எந்தத் தவறும் இல்லை, கேள்வித்தாளில் உள்ளபடியேதான் கேட்டிருப்பார்கள். தரவு மட்டும் கெட்டுப்போயிருக்கும், அது கெட்டுப்போனது யாருக்கும் தெரியவும் தெரியாது.

கேட்கும் விதத்துக்கு இவ்வளவு பலம் இருக்கிறதா என்று சந்தேகம் இருந்தால், அமெரிக்காவில் 15 முதல் 19 வயதுப் பையன்களிடம் நடந்து 1998-ல் வெளியான ஓர் ஆய்வைப் பாருங்கள். ஒரு பகுதியினர் வழக்கமான தாளில் தாங்களே பதிலைக் குறித்தார்கள். மற்றவர்கள் ஹெட்போனில் கேள்வியைக் கேட்டு, கணினியில் தாங்களே பதிலை அழுத்தினார்கள். ஆணோடு உறவு கொண்டதுண்டா என்ற கேள்விக்கு, தாளில் 'ஆம்' என்றவர்கள் 1.5 சதவீதம். கணினியில் 5.5 சதவீதம். கேள்வி ஒன்றுதான். தான் சொல்வது யார் கண்ணில் படும் என்ற எண்ணம் மட்டும்தான் வேறு. இதை ஒரு கணக்குப் பிழையாக மட்டும் பார்க்காதீர்கள். முதல் முறையை நம்பித் திட்டம் போட்டிருந்தால், அந்தப் பையன்களில் பெரும்பகுதியினருக்கு எந்த உதவியும் போயிருக்காது.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது: நேர்காணல் எடுப்பதை முனைவர் பட்டம் வரைக்குமான காத்திருப்பு வேலையாக நினைக்காதீர்கள். "மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டீர்களா?" என்று கேட்டால் என்ன வருகிறது, "தினமும் சாப்பிடுவது பலருக்கும் கஷ்டமாக இருக்கிறது, உங்களுக்குப் போன வாரம் எந்தெந்த நாள் விட்டுப்போனது?" என்று கேட்டால் என்ன வருகிறது என்று குறித்து வையுங்கள். கேள்வித்தாளில் உள்ள கேள்வியை நீங்களாக மாற்றக் கூடாது, அது வேறு விஷயம். ஆனால் எந்தக் கேள்வியில் எல்லோரும் கண்ணைத் தாழ்த்துகிறார்கள், எந்தக் கேள்வி யாருக்குமே புரியவில்லை என்று திட்டத் தலைவரிடம் எழுதிக் கொடுக்கலாம். நல்ல ஆய்வேட்டுத் தலைப்புகள் இப்படிப்பட்ட குறிப்பேடுகளிலிருந்து பிறப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

டாக்டர் இல்லை என்ற கவலைக்கு நீண்ட பதில் தேவையில்லை. தென்னாப்பிரிக்காவின் குவாரைஷா அப்துல் கரீம் மருத்துவர் இல்லை, தொற்றுநோயியல் ஆய்வாளர். இளம்பெண்களிடம் அதே வயது ஆண்களைவிடத் தொற்று அதிகமாக இருப்பதை 1990-களின் தொடக்கத்திலேயே எடுத்துக் காட்டியவர். பெண்கள் தங்கள் கையில் வைத்துக்கொள்ளக்கூடிய ஒரு தடுப்பு முறை வேண்டும் என்று அதிலிருந்தே தேடிக்கொண்டிருந்தவர். 2010-ல் அவரும் அவருடைய குழுவும் ஜெல் ஆய்வில் 39 சதவீதம் தொற்று குறைந்ததைக் காட்டினார்கள். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது தெரிய வந்ததும் 1986-ல் சென்னையில் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் ஒரு மாணவி தன் ஆய்வேட்டுக்காகச் சேகரித்த ரத்த மாதிரிகளில்தான். உங்களுக்கு வேண்டியது மருத்துவப் பட்டம் இல்லை. புள்ளியியலில் உறுதியான அடித்தளம் வேண்டும். அதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். 'நான் மனிதர்களோடு பேசுகிற ஆள், எண்கள் எனக்கு வராது' என்று சொல்லிக்கொள்ளும் இளம் ஆய்வாளர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. வாய்ஸ் ஆய்வைப் புரிந்துகொள்ள ரத்தத்தில் மருந்து அளவும் வேண்டியிருந்தது, அந்தப் பெண்களின் பேச்சும் வேண்டியிருந்தது. இரண்டையும் படிக்கத் தெரிந்தவர்கள் இன்னும் குறைவுதான்.

பொறுமை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2000-ல் உகாண்டாவின் ராக்காய் பகுதியில், ஒருவருக்கு மட்டும் தொற்று உள்ள 415 தம்பதிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு வெளியானது. ரத்தத்தில் வைரஸ் அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 1,500-க்குக் கீழே இருந்தவர்கள் யாரிடமிருந்தும் துணைக்குத் தொற்று போகவில்லை. அப்படியென்றால் சிகிச்சையால் வைரஸைக் குறைத்தால்? 2008-ல் சுவிட்சர்லாந்து மருத்துவர்கள், ஒழுங்காகச் சிகிச்சை எடுப்பவரிடமிருந்து பரவாது என்று அறிக்கை விட்டபோது கடும் எதிர்ப்பு வந்தது. 2011-ல் 1,763 தம்பதிகளிடம் நடந்த பெரிய சோதனை, உடனே சிகிச்சை தொடங்கினால் பரவல் 96 சதவீதம் குறைகிறது என்று காட்டியது. 2019-ல் ஐரோப்பாவில் 782 ஆண் இணைகளிடம் நடந்த ஆய்வு, வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவர்களிடமிருந்து துணைக்கு ஒரு தொற்றுகூடப் போகவில்லை என்று முடித்து வைத்தது. ஆணுறை இல்லாத உறவு ஏறத்தாழ 76,000 முறை நடந்திருந்தும் பூஜ்யம்.

ஒரே ஒரு உண்மையைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்ல ஏறக்குறைய இருபது ஆண்டு. ஆனால் அந்த உண்மை என்ன செய்தது என்று யோசித்துப் பாருங்கள். 'என்னைத் தொட்டால் அவருக்கும் வந்துவிடுமோ' என்று தன் துணையிடமிருந்து விலகி விலகிப் படுத்தவர்களிடம், மருந்தை விடாமல் சாப்பிட்டு வைரஸ் அளவைக் குறைவாக வைத்திருக்கும் வரை உடலுறவில் உங்களிடமிருந்து போகாது என்று நேராகச் சொல்ல முடிந்தது. இந்த வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் அந்த வாக்கியத்தை ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடிவதுதான். நடுவே தோல்விகளும் வரும். தடுப்பூசிக்காகத் தென்னாப்பிரிக்காவில் நடந்த பெரிய சோதனை 2020-ல் பலனில்லை என்று நிறுத்தப்பட்டது. பல நாடுகளில் நடந்த இன்னொன்று 2023-ல். அதில் பல ஆண்டு உழைத்தவர்கள் முடிவை அப்படியே வெளியிட்டுவிட்டு அடுத்த யோசனைக்குப் போனார்கள். உங்களால் அது முடியுமா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

பங்கேற்பாளர்களுக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம் என்பதையும் ஆரம்பத்திலேயே யோசிக்க வேண்டும். பால்வினை நோய் ஆய்வின் பழைய வரலாறு நல்ல வரலாறு இல்லை. அமெரிக்காவில் டஸ்கீகியில் சிபிலிஸ் நோயுள்ள கறுப்பின ஆண்களுக்கு, பென்சிலின் கிடைக்கத் தொடங்கிய பிறகும் அதைக் கொடுக்காமல் 1972 வரை வேடிக்கை பார்த்தார்கள். எச்.ஐ.வி. தடுப்பிலேயே, 2004-ல் கம்போடியாவில் பாலியல் தொழிலாளர்களிடம் தடுப்பு மாத்திரையைச் சோதிக்க ஏற்பாடு நடந்தது. பக்கவிளைவு வந்தால், ஆய்வு முடிந்து நீங்கள் போன பிறகு எங்களுக்கு யார் வைத்தியம் பார்ப்பார்கள் என்று அந்தப் பெண்களின் சங்கம் கேட்டது. அவர்கள் ஏற்கும்படி யாரும் பதில் சொல்லவில்லை. அரசு ஆய்வையே நிறுத்திவிட்டது. அன்றைக்கு அந்தப் பெண்களை அறிவியலுக்கு எதிரிகள் என்று பேசியவர்களும் உண்டு. என்னைக் கேட்டால் ஓர் ஆய்வுக் குழு முதல் நாளே தன்னைக் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைத்தான் அவர்கள் கேட்டார்கள். பங்கேற்கும் மக்களோடு எப்படிக் கலந்து வேலை செய்வது என்று 2007-ல் வழிகாட்டு நெறிகள் எழுதப்பட்டதற்கு இந்தச் சண்டை ஒரு முக்கியக் காரணம். ஒப்புதல் படிவத்தைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கும்போது, அவர் கேள்வி கேட்க நேரம் கொடுங்கள். கேள்வியே கேட்காமல் கையெழுத்துப் போடுகிறவர் படிவத்தைப் புரிந்துகொண்டார் என்று நினைக்காதீர்கள்.

சரி, வீட்டுக்கு வருவோம். அவர்கள் சங்கடம் எனக்குப் புரிகிறது, அதற்காக அவர்கள் மேல் கோபப்படாதீர்கள். அரசாங்கங்களுக்கே இந்தச் சங்கடம் இருந்திருக்கிறது. எய்ட்ஸ் எப்படிப் பரவும் என்று கணிக்க, மக்களின் பாலுறவுப் பழக்கங்கள் பற்றிய நம்பகமான தகவல் வேண்டும் என்று பிரிட்டனில் ஒரு தேசிய ஆய்வுக்குத் திட்டம் போட்டார்கள். 1989-ல் தாட்சர் அரசு நிதி தர மறுத்துவிட்டது. வெல்கம் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை பணம் கொடுத்தது, ஏறத்தாழ 19,000 பேரிடம் ஆய்வு நடந்தது. அதன் பிறகு பத்து ஆண்டுக்கு ஒருமுறை அது தொடர்கிறது, அரசின் திட்டங்களே அதை நம்பித்தான் இருக்கின்றன. உங்கள் வீட்டாரிடம் துறையின் பெயரைச் சொல்லி வாதாட வேண்டாம். தாய்க்குத் தொற்று இருந்தாலும் குழந்தைக்கு வராமல் தடுக்க முடியும் என்று 1994-ல் ஓர் ஆய்வு காட்டியது, அதனால் எத்தனையோ குழந்தைகள் தொற்று இல்லாமல் பிறக்கிறார்கள், நான் கற்றுக்கொள்வது அந்த மாதிரி வேலை என்று சொல்லுங்கள். வெளியே சொல்ல வேண்டுமென்றால் 'பொதுச் சுகாதார ஆய்வாளர்' என்று அவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் நீங்கள் உங்கள் வேலையைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தாதீர்கள். பங்கேற்பாளர்கள் அந்தக் குரலைத்தான் கேட்கிறார்கள்.

நிதி பற்றி உங்கள் நண்பர்கள் சொன்னது உண்மை, அதை மழுப்ப மாட்டேன். 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தபோது, பல நாடுகளில் எச்.ஐ.வி. ஆய்வுகள் பாதியில் நின்றன. தென்னாப்பிரிக்காவில் சோதனைக்காக உடலுக்குள் தடுப்பு வளையம் வைத்திருந்த பெண்களை அவசரமாகக் கூப்பிட்டு அதை எடுக்க வேண்டி வந்தது. அனுபவமுள்ள கள ஆய்வாளர்கள், செவிலியர்கள் எத்தனையோ பேருக்கு வேலை போனது. இந்தத் துறையில் பெரும்பாலான வேலை ஒப்பந்த வேலைதான். ஒரு திட்டம் முடிந்து அடுத்தது கிடைக்கும் வரை சம்பளம் இல்லாத மாதங்களும் வரலாம். வீட்டில் உங்கள் வருமானத்தை நம்பி யாராவது இருந்தால், இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் முடிவு செய்ய வேண்டும். ஆர்வம் இருந்தால் போதும் என்று சொல்லி உங்களைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

இதற்கு நான் கண்ட வழி, திறமையை ஒரே நோயோடு கட்டிப் போடாமல் இருப்பது. தரவுப் பகுப்பாய்வு, நேர்காணல் ஆய்வு, சோதனைகளை நிர்வகிப்பது என்று நீங்கள் கற்கும் எதுவும் சிபிலிஸ், மருந்துக்கு அடங்காத கொனோரியா, கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி., கருத்தடை, காசநோய் என்று எல்லா இடத்திலும் செல்லும். முனைவர் பட்டத்துக்கு வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய புகழைப் பார்க்காதீர்கள். இதற்கு முன் அவரிடம் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள், நடுவில் நிதி நின்றால் மாணவருக்கு என்ன ஏற்பாடு, நான் சேகரிக்கும் தரவை வைத்து என் பெயரை முதலில் போட்டுக் கட்டுரை எழுத விடுவீர்களா என்று நேராகக் கேளுங்கள். அவருடைய கள ஊழியர்களிடம் தனியாகப் பேசிப் பாருங்கள். ஒரே ஊழியர்கள் பல ஆண்டாக அவரோடு இருக்கிறார்கள் என்றால் நம்பிச் சேரலாம்.

கடைசியாக நீங்கள் எழுதியதைத்தான் நான் முதலில் படித்தேன். கேட்டது மனதை விட்டுப் போவதில்லை என்கிறீர்கள். அது உங்களுக்கு இந்த வேலை ஒத்துவராது என்பதற்கு அடையாளம் இல்லை. வன்முறை, கைவிடப்பட்டது, நோயை மறைத்து வாழ்வது என்று ஒரு நாளில் நாலைந்து பேரிடம் கேட்டால் யாருக்கும் தங்கும். ஆனால் அதைத் தனியாகச் சுமப்பது தவறு, உங்களைத் தனியாகச் சுமக்க விடுவது உங்கள் திட்டத்தின் தவறு. நாம் கேட்டதை வீட்டில் சொல்ல முடியாது, நண்பர்களிடமும் முடியாது, ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறோம். அதனால்தான் குழுவுக்குள்ளேயே பேச இடம் வேண்டும். வாரம் ஒருமுறை கள ஆய்வாளர்கள் பங்கேற்பாளர் பெயர் சொல்லாமல் பேசிக்கொள்ள ஒரு மணி நேரம் ஒதுக்கச் சொல்லி உங்கள் திட்டத் தலைவரிடம் கேளுங்கள். ஒரு நாளைக்கு இத்தனை நேர்காணலுக்கு மேல் வேண்டாம் என்றும் கேளுங்கள். தூக்கம் கெட்டால், எந்நேரமும் அதே நினைவாக இருந்தால், மனநல ஆலோசகரைப் பார்க்கத் தயங்க வேண்டாம்.

அதோடு, யார் எதைச் சொன்னால் எங்கே அனுப்புவது என்ற பட்டியல் உங்கள் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். அடி வாங்குகிறேன் என்று ஒருவர் சொன்னால் எந்த எண்ணைக் கொடுப்பது, நேற்றுதான் ஆபத்தான உறவு நடந்தது என்று சொன்னால் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டிய மருந்துக்கு எந்த மருத்துவமனைக்கு அனுப்புவது என்று எழுதி வைத்திருக்க வேண்டும். பல சமயம் வீட்டுக்குக் கூடவே வருவது அந்தக் கதை இல்லை, அவருக்கு நாம் ஒன்றும் செய்யவில்லையே என்ற எண்ணம். அனுப்ப ஓர் இடம் இருந்தால், அவர் போய்ச் சேர்ந்தார் என்று தெரிந்தால், பாரம் பாதி குறையும். பட்டியல் இல்லை என்றால் இந்த வாரமே நீங்களே உட்கார்ந்து தயாரியுங்கள், ஒவ்வொரு எண்ணுக்கும் போன் போட்டு யாராவது எடுக்கிறார்களா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். முனைவர் பட்ட விண்ணப்பத்தை அதற்கு அடுத்த வாரம் தொடங்கலாம்.